மாரி மழைக்கு வீட்டில் பார்த்த படங்கள்: எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

உவர்மலை வாசகி:

மாரி தொடங்கிய நாளில் இருந்து எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் என்று வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் அம்மா பின்னேரம் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் நடக்கப் போவார். இப்போது மழை விட்டால்தானே. நானும் பாடசாலையால் வந்து கொப்பி திருத்தி முடிக்க ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு ரீவிக்கு முன்னால் பாயைப் போட்டு இரண்டு பேரும் உட்காருகிறோம்.

வீட்டில் பார்ப்பதில் எனக்குப் பிடித்ததே படத்தை நிறுத்தலாம் என்பதுதான். தேத்தண்ணி போட எழும்புவதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் "கொஞ்சம் நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு, படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்குவாரே, அதைச் சொல்கிறேன்.

போன கிழமை 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தோம். 2025 மே மாதம் வந்த படம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். இங்கே இலங்கையில் பொருளாதாரம் விழுந்த நேரம் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு குடியிருப்பில் யாரென்று சொல்லாமல் வாழப் பார்க்கிற குடும்பம். கரையில் இறங்கிய உடனே பொலிஸ் பிடிக்கிற இடம் வரும். சின்னவனின் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா நிப்பாட்டச் சொன்னார்.

அம்மா 1990 இல் போனவர். ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்க, அப்பாவோடும் அம்மம்மாவோடும் காட்டுவழியாக மன்னார்ப் பக்கம் போய், பேசாலையில் படகு பிடித்தார்கள். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். படகுக்காரர் கரைவரை கொண்டுபோகவில்லை, தனுஷ்கோடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். விடியப்புறம் இறங்கியவர்கள் உச்சி வெயில் வரை அங்கேயே. அம்மம்மாவிடம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் தண்ணீர் இருந்திருக்கிறது. அதை அந்தப் போத்தல் மூடியாலேயே அளந்து, பிள்ளைகளுக்கு ஒரு மூடி, பெரியவர்களுக்கு அரை மூடி என்று கொடுத்தாராம். "மூடியின்ர ஓரத்தில ஹோர்லிக்ஸ் மா ஒட்டியிருந்தது. தண்ணி இனிச்சது" என்றார் அம்மா. இத்தனை வருடம் என்னிடம் சொல்லாத ஒன்று, இராமேஸ்வரக் கரையைத் திரையில் கண்டதும் வந்தது.

படத்தில் அவர்கள் தங்கள் தமிழை மறைத்துக் கதைக்கப் பாடுபடுவது என்னுடைய கதை. நான் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் 'கதைக்கிறது' என்று சொல்லிச் சிரிப்பு வாங்கி, 'பேசுறது' என்று மாற்றிக்கொண்டேன். 2003 இல் 11 வயதில் இங்கே திரும்பி வந்து முதல் நாள் வகுப்பில் 'பேசுறாங்க' என்றேன். அதற்கும் சிரிப்பு. சிம்ரன் வாயைத் திறக்க முன்பு ஒரு நொடி தயங்குவதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

நீங்கள் என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நட்சத்திரப் புள்ளி எதுவும் போட வேண்டாம்.

சல்லிக் கடற்கரை:

அக்கா, அம்மாவின் கதை மனதைப் பிசைந்தது. ஆனால் படத்தைப் பற்றி எனக்கு வேறு எண்ணம். அதில் வருகிற தமிழ் எங்களுடையது இல்லை. 'ஓம்', 'கதைக்கிறது', 'வாங்கோ' மூன்றையும் போட்டால் இலங்கைத் தமிழ் ஆகிவிடும் என்று தமிழ்நாட்டில் எப்போதும் நினைக்கிறார்கள். மட்டக்களப்பு ஆள் 'மனே' என்பார், 'என்ன கா' என்பார். யாழ்ப்பாணத்து இழுவை வேறு. மூதூர், கிண்ணியா ஆட்கள் கதைப்பது இன்னொன்று. எங்கள் திருகோணமலையில் எல்லாம் கலந்து கிடக்கிறது. இவ்வளவு பேரையும் ஒரே வாய்க்குள் போட்டு அடைக்கிறார்கள்.

இன்னொன்று கடல். நான் கடல் தொழில் செய்கிறவன், அதனால் கண் அங்கேதான் போகிறது. படம் கடலை விட்டு அவசரமாகச் சென்னைக்குப் போய்விடுகிறது. 2022 மார்ச்சில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்த நாட்கள் எனக்குக் கனவில் வருகின்றன. அந்த மாதக் கடைசிப் பகுதியில்தான் முதல் 16 பேர் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தது. அவர்களிலும் ஒரு பகுதியை உங்கள் அம்மா சொன்ன மாதிரித்தான் மணல் திட்டில் விட்டிருந்தார்கள். 1990 இலும் அதே திட்டு, 2022 இலும் அதே திட்டு. அங்கே படம் ஒரு பத்து நிமிடம் நின்றிருக்கலாம்.

பாலையூற்று ஐயா:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் படத்தின் பக்கம். காரணம் சொல்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த ஆட்கள். ஒழுங்கை முழுக்க வந்திருக்கும். அந்தப் படங்கள் எதிலும் நாங்கள் இல்லை. மதுரை இருந்தது, பொள்ளாச்சி இருந்தது. அதை எல்லாம் எங்கள் ஊர் மாதிரி நினைத்துப் பார்த்தோம். பிறகு 2002 இல் சமாதானக் காலத்தில் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. வீசீடி எடுத்து வந்து மனைவியோடு பார்த்தேன். அதில் சிம்ரன் இந்தியத் தாய். வளர்த்த பிள்ளையைப் பெற்றவளிடம் காட்ட இலங்கைக்கு வருவார். 23 வருடம் கழித்து இந்தப் படத்தில் அதே சிம்ரன் இலங்கைத் தாயாகப் படகேறி அங்கே போகிறார். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் வீட்டில் தனியாக இருந்து பார்த்த எனக்கு அதே முகத்தை இந்தப் பக்கத்தில் கண்டதும் என்னவோ செய்தது. மனைவி போய் நாலு வருடம். இருந்திருந்தால் முதல் ஆளாக அவர்தான் இதைச் சொல்லியிருப்பார்.

நான் நிறுத்திய இடம் இரண்டு. ஒன்று செத்த வீடு. வயதான மனிதர் ஒருவரின் மனைவி இறந்துபோக, பக்கத்து வீட்டுப் பெயரே தெரியாமல் இருந்த குடியிருப்பு ஆட்களை சசிகுமார் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். எங்கள் ஊரில் செத்த வீடு என்றால் கூப்பிடாமலே கதிரையும் கூடாரமும் வந்து இறங்கும். அந்தப் பழக்கத்தைத்தான் அந்த மனிதர் தன்னோடு கொண்டுபோயிருக்கிறார். உச்சரிப்பு கொஞ்சம் பிசகலாம், தம்பி. இது பிசகவில்லை.

மற்றது முடிவு. இன்னும் பார்க்காதவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போங்கள். பொலிஸ் விசாரிக்க வரும்போது குடியிருப்பே அவர்களைப் போலக் கதைக்கத் தொடங்குகிறதே, அங்கே நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனேன்.

சல்லிக் கடற்கரை:

அந்த முடிவில் நானும் ஆடிப்போனேன், ஐயா. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடத்திலும் எங்கள் தமிழ் சரியாக இருந்திருந்தால் இரண்டு மடங்கு அடித்திருக்கும்.

கிண்ணியா ராத்தா:

தங்கச்சி, நான் உம்மாவோடு பார்த்தது 'கொட்டுக்காளி'. வினோத்ராஜ் எடுத்தது, 2024 படம். சூரி இருக்கிறார், அன்னா பென் இருக்கிறார். மனதில் ஒருவனை வைத்திருக்கிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பம் ஒரு சேவலையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் சாமியார் ஒருவரிடம் கூட்டிப் போகிறது. கதை அவ்வளவுதான். படத்துக்குப் பின்னணி இசையே இல்லை. ஓட்டோச் சத்தம், காற்று, சேவலின் செருமல். முதல் பத்து நிமிடம் ரீவி பழுதாகிவிட்டது என்று உம்மா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பிள்ளை கதைக்கிறதே இல்லை. சுற்றி இருக்கிற எல்லோரும் கத்துகிறார்கள், அது வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறது. பாதிப் படத்தில் உம்மா "நிறுத்து மகள், எனக்கு ஏலாது" என்றார். பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அழுகிறார்.

உம்மாவின் சாச்சி மகள் ஒருவர். கிண்ணியாப் பாலம் 2009 இல்தானே திறந்தது, அதற்கு முன்பு நாங்கள் எல்லோரும் பாதையில்தான் அக்கரைக்குப் போவோம். (வெளியூர் ஆட்களுக்கு: 'பாதை' என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி இறக்குகிற மிதவை.) அந்தப் பெண்ணையும் இப்படித்தான் ஆறேழு பேர் சூழ்ந்து, பரிசாரியிடம் காட்ட என்று பாதையில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். உம்மாவுக்கு அப்போது 14 வயது, கூடப் போயிருக்கிறார். பாதை நகரும் வரைக்கும் அந்தப் பெண் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றதாம். "நான் அவட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பாயப் போறாவோ எண்டு பயத்தில பிடிச்சன். ஆறுதலுக்குப் பிடிக்கல்ல" என்றார் உம்மா. இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை அடுத்த நாள் பார்த்தோம். நடுவழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கும். அத்தனை ஆம்பிளைகளும் கத்தியும் நகராது. ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து சும்மா கூட்டிக்கொண்டு போகும். உம்மா அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போடச் சொன்னார். முடிவைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உம்மாவுக்குக் கோபம்தான்.

தம்பலகாமத்துப் பெடியன்:

எல்லோரும் இவ்வளவு கனமாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதிகமாக நிறுத்திய படம் 'லப்பர் பந்து'. மாமனாகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவனும் மைதானத்தில் முறைத்துக்கொள்கிற கதை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் மாமா நிறுத்தி, அது அவுட்டா இல்லையா என்று விளங்கப்படுத்துவார். அறுவடை முடிந்த வயலில் சொஃப்ட் போல் விளையாடி வளர்ந்த வீடு இது. அட்டகத்தி தினேஷ் துடுப்பெடுத்து நடந்து வர விஜயகாந்தின் பழைய பாட்டு போடுவார்களே, அதற்கு மாமா எழும்பியே நின்றுவிட்டார். திறமை இருந்தும் சாதி பார்த்துக் குழுவில் சேர்க்காத இடம் வந்தபோதுதான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது என்று அடுத்த நாள் வரம்பில் வைத்துச் சொன்னார்.

உவர்மலை வாசகி:

ராத்தா, உங்கள் உம்மா சொன்னதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குசினிக்குள் இருந்து "அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்னாச்சாம்?" என்று கேட்டார். முடிந்தால் எழுதுங்கள்.

நேற்று நெட்ஃபிளிக்ஸில் 'மெய்யழகன்'. பிரேம்குமார் படம், 2024. நீளம் என்று குறை சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடம் அளவில் வெட்டினார்கள். எனக்கு நீளமே தெரியவில்லை. அரவிந்த் சாமியின் குடும்பம் 1996 இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விடுகிறது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான், அத்தான்" என்று கூடவே திரிகிறார். இவருக்கு அவர் யாரென்று ஞாபகம் இல்லை, கேட்கவும் வெட்கம். இரவு அவர் வீட்டில் தங்கும்போது ஒரு பழைய சைக்கிள். இவர் விட்டுப்போன சைக்கிள். அதை வைத்துத்தான் எங்கள் குடும்பமே நிமிர்ந்தது என்று கார்த்தி சொல்லுவார்.

அந்த இடத்தில் அம்மா ரிமோட்டைக் கேட்கவில்லை, தானே எழும்பிப் போய்ப் பிளக்கைக் கழற்றிவிட்டார்.

அப்பாவிடம் ஒரு ரலி சைக்கிள் இருந்தது. 1990 இல் வெளிக்கிடும்போது அதை மடத்தடியில் தெரிந்த ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, திறப்பை அம்மாவின் கைப்பையில் போட்டார். இரண்டு கிழமையில் வருவோம் என்று நினைப்பு. 13 வருடம் கழித்து வந்தபோது அந்த வீட்டிலும் ஆட்கள் இல்லை, எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை. அப்பா முகாமிலேயே போய்விட்டார். திறப்பு மட்டும் இன்றைக்கும் அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்களோடு கிடக்கிறது. இவ்வளவு காலமும் அந்தச் சைக்கிளின் பேச்சு வந்தால் அம்மாவுக்கு ஒரே சொல்தான்: "களவெடுத்திட்டாங்கள்."

நேற்று இருட்டில் இருந்துகொண்டு அவர் கேட்டது வேறு. "அதில கரியர் இல்லையே. கொப்பா பூட்ட வேணும் பூட்ட வேணும் எண்டுகொண்டே இருந்தவர். கரியர் இல்லாமல் அவங்கள் சாமானை எப்பிடி ஏத்தியிருப்பாங்கள்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கந்தோர்க்காரன்:

ரீச்சர், திறப்பு என்றதும் எனக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்தது. எங்கள் கந்தோரில் கூட வேலை செய்கிற சிங்கள நண்பர் சொல்லித்தான் பார்த்தேன். பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர'. வறண்ட கிராமம் ஒன்று. கண் தெரியாத ஒரு தகப்பன், வன்னிஹாமி. இராணுவத்துக்குப் போன மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி வருகிறது. ஊர் அழுகிறது, அடக்கம் நடக்கிறது. தகப்பன் மட்டும் நம்பவில்லை. இழப்பீட்டுக் காசுக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி எல்லோரும் வந்து நிற்கிறார்கள். வீட்டில் பஞ்சம், கட்ட வேண்டிய கடன். வைக்கமாட்டேன் என்கிறார். ஜோ அபேவிக்ரம என்ற நடிகர். கண்ணால் நடிக்க வழியில்லாத பாத்திரம் என்பதால் கழுத்தாலும் கைத்தடியாலும் நடித்திருக்கிறார். இந்தப் படத்தை 2000 ஆம் ஆண்டு அரசாங்கம் திரையிட விடவில்லை. நெறியாளர் உச்ச நீதிமன்றம் போய், 2001 இல்தான் வெளியிட முடிந்தது.

நான் சின்ன வயதில் இருந்து சவப்பெட்டிகளை இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போன பெட்டிகளைப் பற்றி யோசித்தது இல்லை. யோசிக்க மனமும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

நான் நிறுத்திய இடம், கிராம சேவகர் கடதாசியோடு வந்து நிற்கும் காட்சி. என்னுடைய வேலையும் கடதாசி வேலைதான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் எங்கள் கந்தோருக்கும் வருவார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் இன்ன இன்ன உதவி கிடைக்கும், அம்மா என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு தாய் படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மகன் வந்தாப் பிறகு அவனிட்டக் கேட்டு நிரப்பித் தாறன்" என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. வன்னிஹாமியைப் பார்த்த இரவு விளங்கியது.

அடுத்த நாள் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவருடைய அண்ணாவும் அப்படி ஒரு பெட்டியில் வந்தவர் என்றார். 12 வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கிறோம். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சல்லிக் கடற்கரை:

கந்தோர் அண்ணா, எங்கள் பெரியம்மாவிடம் அப்படி ஒரு மடித்த படிவம் இருக்கிறது. அதற்கு மேல் இங்கே எழுத முடியவில்லை. படத்தில் சிங்களம் விளங்காவிட்டாலும் பார்க்கலாமா? பெரியம்மாவுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

கந்தோர்க்காரன்:

கதைப்பது குறைவு, தம்பி. நீங்கள் பக்கத்தில் இருந்து சொன்னால் விளங்கும். ஆனால் அவரை முதலில் இருத்த வேண்டாம். நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடைசியில் அந்தத் தகப்பன் குழியைத் தோண்டுகிறார். அதை அவர் தாங்குவாரா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கிண்ணியா ராத்தா:

தங்கச்சி, உங்கள் அம்மா கேட்டதை உம்மாவிடம் கேட்டேன். அந்தப் பெண் பிறகு கல்யாணம் செய்து, அக்கரையிலேயே இருந்து, போன வருடம்தான் மௌத்தாகியிருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். கடைசிவரை குறைவாகவே கதைப்பாராம். உம்மா மையித்துக்குப் போனவர்தான், ஆனால் கையைப் பிடித்த கதையை அங்கே யாரிடமும் சொல்லவில்லையாம்.

பாலையூற்று ஐயா:

பிள்ளை, உங்கள் சைக்கிள் கதையை வாசித்துவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் இடம்பெயர்ந்து போகாதவன். 1990 இல் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு வெறுமையானது. பக்கத்து வீட்டுக்காரர் போகும்போது தன் சைக்கிளை எங்கள் வளவில் விட்டார். ஹம்பர் சைக்கிள். "பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். முதல் ஆறு மாதம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு என்னுடையது ஓடாமல் போனது. பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. ஒருநாள் இரவு மனைவிக்கு வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இல்லை. சாக்கை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு திரும்பப் போடவில்லை. ஏழு வருடம் ஓடினேன். பாண் கட்டினேன், விறகு கட்டினேன், மகளைப் பாடசாலைக்கு ஏற்றினேன். 1997 இல் ரிம் வளைந்து, பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை. இன்னொரு நாட்டில் இருக்கிறார் என்று கேள்வி. அவருக்கு எழுதியதும் இல்லை.

'மெய்யழகன்' நானும் பார்த்தேன். அந்தச் சைக்கிளைத் துடைத்துக் கொண்டாடி வைத்திருக்கிறார்கள். நான் நிறையைப் போட்டு இரும்புக்கு விற்றேன். அந்த இடத்தில் நிறுத்தினேன், மிச்சத்தை இன்னும் பார்க்கவில்லை.

உவர்மலை வாசகி:

ஐயா, இதை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த ஹம்பரில் கரியர் இருந்ததா?

பாலையூற்று ஐயா:

வரும்போது இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மனைவியை முன்பாரில்தான் வைத்து உழக்கினேன். அடுத்த கிழமை சந்தையடியில் பழைய கரியர் ஒன்று வாங்கி, நானே பூட்டினேன்.